சும்மா உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் (இந்த வாரம் மரியாதை சற்றுக் குறைவு) உரித்தாகும் அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். முதல் வரியை நிரப்புவதற்காக வழக்கமாக எழுதும் நலம் அல்ல இது. இரத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பு எல்லாம் பார்த்து, டாக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்த நலம். அங்கே உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல். நீயும் நலமாக இருந்தால் சந்தோஷம். ஆனால் நலமாக இருக்கிற நேரத்தில் நாலு பேர் பார்க்க எங்கேயும் உட்கார்ந்துவிடாதே. ஏன் சொல்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

போன மாதம் பெண்கள் முகாமில் நீ பேசியதைப் பதிவு செய்து எனக்கு அனுப்பியிருந்தாய். வேலைக்கும் வீட்டுக்கும் சபைக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கும் விசுவாசிப் பெண்கள் வாரத்தில் ஒரு நாளாவது ஓய்ந்திருக்க வேண்டும் என்பது பேச்சின் சாரம். அதை நான் பேருந்தில் நின்றுகொண்டே கேட்டேன், உட்கார இடம் கிடைக்கவில்லை. மேடையிலிருந்து வரும் எதையும் நான் சட்டென்று நம்புகிறவள் இல்லை, அதிலும் உன் குரலைச் சிறு வயதிலிருந்தே பாதி விலைக்குத்தான் வாங்குவேன். இது உனக்கும் தெரியும். ஆனால் நடுவில் ஒரு கேள்வி கேட்டாய். “நீ ஒரு நாள் நின்னா, எது நின்னுபோயிடும்னு நினைக்கிறே?” ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற ஒருத்தியிடம் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது, அக்கா. செய்து பார்த்துவிடத் தோன்றும்.

அதற்கு நான் தேர்ந்தெடுத்த வாரத்தைப் பார். எங்கள் குடிநீர் ஆய்வுக்கூடத்தின் தலைமை வேதியியலாளர் பணி ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அவர் வேலையை நான்தான் செய்கிறேன். நாற்காலி மட்டும் காலியாகக் கிடக்கிறது. அந்த இடம் யாருக்கு என்று முடிவு செய்யும் வாரம் இது. எனக்கு அது வேண்டும் என்று உன்னிடம்கூடச் சொன்னதில்லை. சபையில் ஓர் ஆண் பெரிய பதவிக்கு முயற்சி செய்தால் அதற்கு அழைப்பு என்று பெயர், முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள். ஒரு பெண் முயற்சி செய்தால், “வீட்டை யாரும்மா பாத்துக்கிறாங்க?” என்று பரிவோடு கேட்பார்கள். அதனால் வாயைத் திறக்காமல் வேலையை மட்டும் செய்துகொண்டிருந்தேன். வேலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று ஓர் எண்ணம்.

ஓய்வெடுப்பது அவ்வளவு சுலபமில்லை, அதற்கு முதலில் நிறைய வேலை செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பதற்காக வெள்ளிக்கிழமையே சந்தைக்குப் போனேன். சனிக்கிழமை இரண்டு நாள் சமையலைச் செய்து மூடி வைத்து, துணி துவைத்து, தேய்த்து, குளியலறையைக் கழுவி, சபைப் பிள்ளைகளுக்கு எனக்குப் பதிலாகப் பாடம் நடத்தப்போகிறவருக்குப் பாடத்தையும் எழுதிக் கொடுத்தேன். ஓய்வுநாள் பாடசாலை என்று பெயர் வைத்திருக்கிறோமே, அங்கே ஓய்ந்திருந்த ஓர் ஆசிரியையை நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் முதுகு நிமிரவில்லை. இந்த ஓய்வு தேவைதான் என்று அப்போதுதான் எனக்கே சந்தேகமறத் தெரிந்தது. அந்தக் களைப்பே ஓய்வுக்கு ஏற்பாடு செய்ததால் வந்தது என்பது வேறு விஷயம்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு ஒழுங்காகப் போனேன். முடிந்ததும் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளரைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு எங்கள் சபையில் தந்தி அக்கா என்று பெயர். தந்தி அலுவலகங்கள் மூடிவிட்டன, அவர் மூடவில்லை.

“அக்கா, இன்னைக்கு வகுப்பு, தேநீர், பாட்டுப் பயிற்சி, எதுக்கும் நான் இருக்க மாட்டேன். ஓய்வு எடுக்கப் போறேன்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் பாதியாகக் குறைந்துவிட்டது. “டாக்டர் சொன்னாரா?”

“டாக்டர் இல்லக்கா. எங்க அக்காதான் சொன்னாங்க.”

“ஓ, அக்காவுக்கும் சொல்லியாச்சா? அப்ப குடும்பத்துக்குத் தெரியும்.” கண்கள் கலங்கிவிட்டன. “நீங்க ஒண்ணும் பேச வேணாம். நாங்க பாத்துக்கிறோம்.”

அவர் எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டு நானும் வீட்டுக்கு வந்து, நீ பேச்சில் சொன்னபடியே கைபேசியை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தார். பிறகு என் எதிரே வந்து நின்றார்.

“உனக்கு என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யலை.”

“எங்கிட்ட கோபமா?”

“இல்லை.”

“அப்ப ஏன் உட்கார்ந்திருக்கே?”

ஓய்வு என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, அன்று முழுக்கப் பூனை மாதிரி நடக்க ஆரம்பித்தார். பூனை பாத்திரங்களைத் தள்ளிவிடுமே, அதையும் செய்தார். சர்க்கரை எங்கே என்று கேட்டார். எப்போதும் இருக்கிற இடத்தில் என்றேன். அது எந்த இடம் என்று கேட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி, மகளே கல்லூரிக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டாள்.

அதன் பிறகு கொஞ்ச நேரம் வீடு அடங்கியது. எதிர் வீட்டு மாடியில் காயப்போட்ட போர்வை காற்றில் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. அதை நான் மடிக்க வேண்டியதில்லை. யாருக்காகவும் எதையும் வேண்டாமல், நன்றி சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்தாமல், ஆண்டவருக்கு முன்னால் வெறுமனே இருந்தேன். அது எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த முகாமில் உதாரணமாகச் சேர்த்துவிடுவாய்.

அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது.

எங்கள் சபையின் ஜெபச் சங்கிலியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். யாருக்காவது கஷ்டம் என்றால் தந்தி அக்கா ஒருவரைக் கூப்பிடுவார், அவர் அடுத்தவரை, அடுத்தவர் அதற்கடுத்தவரை. யாரும் விவரம் கேட்கக் கூடாது என்பது ஒழுங்கு. கேட்டால் அது ஜெபமாக இருக்காது, வம்பாகிவிடும். நல்ல ஒழுங்குதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேட்க முடியாத விவரத்தை ஒவ்வொருவரும் தங்கள் சொந்தக் கையிருப்பிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறார்கள். கர்ப்பப்பை எடுத்தவர் எனக்கும் அதுதான் என்று முடிவு செய்தார். இதயக் கோளாறு உள்ளவர் இதயத்துக்காக ஜெபித்தார். சிலர் என் கைபேசிக்கு அழைத்துப் பார்த்தார்கள், அணைத்திருக்கிறது என்று வந்தது. நான் கைபேசியை அணைத்து யாரும் பார்த்ததில்லை. அது ஒன்றே போதுமாக இருந்தது, நிலைமை மோசம் என்று சங்கிலி முழுக்கப் பரவிவிட்டது.

தந்தி அக்காவின் தலைமையில் பெண்கள் வந்தார்கள். ஒருவர் கையில் சூப், ஒருவர் கையில் ஆரஞ்சுப் பழம். இன்னொருவர், “எங்க மாமியாருக்கு வாங்கின சக்கர நாற்காலி சும்மாதான் கிடக்கு, எப்ப வேணும்னாலும் சொல்லுங்க” என்றார். நான் எழுந்தேன். “எழுந்திரிக்காதீங்க, எழுந்திரிக்காதீங்க” என்று நாலு கைகள் என்னை அழுத்தி உட்கார வைத்தன. உட்கார்ந்தேன். “தேநீர் நாங்களே போட்டுக்கிறோம், சர்க்கரை எங்கே இருக்கு?” என்றார்கள். என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் எல்லோருக்கும் தேநீர் போட்டேன். நான் தேநீர் போடுவதைப் பார்த்து ஒருவர் அழுதார்.

அவர்கள் இருக்கும்போதே போதகர் வந்துவிட்டார், நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்கும் சிறிய பெட்டியோடு. எல்லோரையும் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் குனிந்தார்.

“மனசுல ஏதாவது பாரம் இருந்தா சொல்லலாம்மா.”

“காலையில சாப்பிட்ட பாத்திரம் இன்னும் கழுவலைங்க ஐயா.”

அவர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். அதற்குள் மகள் கல்லூரி விடுதியிலிருந்து அப்பாவின் கைபேசிக்கு அழைத்துவிட்டாள். சங்கிலி அங்கேயும் எட்டியிருந்தது. “அம்மா, நான் தாங்கிக்குவேன். உண்மையைச் சொல்லு.” உண்மையைச் சொன்னேன். “நீயா? ஓய்வா?” என்று கேட்டு, ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்குமேல் என்ன மோசமான செய்தி வேண்டும் என்பது அவள் எண்ணம்.

அன்று மாலை ஆராதனையில் போதகர் எனக்காக ஜெபித்தாராம். “படுத்த படுக்கையாக இருக்கும் எங்கள் சகோதரி” என்று. நான் படுக்கவே இல்லை, அக்கா. உட்கார்ந்துதான் இருந்தேன். பாடகர் குழுவில் கடைசி வரிசையில் கனத்த குரலில் பாடுகிறவர் அதை உருக்கமாகக் கேட்டு ஆமென் சொல்லியிருக்கிறார். அவர்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர்.

திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூட வாசலில் காவலாளி ஓடி வந்து என் கைப்பையை வாங்கிக்கொண்டான். இயக்குநர் அறையில் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

“உட்காருங்கம்மா. மெதுவா, மெதுவா.”

“சார், எனக்கு ஒண்ணுமில்லை.”

“தெரியும்மா. நீங்க அப்படித்தான் சொல்வீங்க.” தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார். “தலைமைப் பொறுப்புன்னா ராப்பகல் கிடையாது. இந்த நேரத்துல அந்தப் பாரத்தை உங்க மேல வைக்க எனக்கு மனசு வரலை. நம்ம தம்பி இருக்கார், வாலிப வயசு. நீங்க பக்கத்துல இருந்து வழிகாட்டினா போதும்.”

வழிகாட்டுவது என்றால் என்ன என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. வேலை எனக்கு, நாற்காலி தம்பிக்கு. தம்பி என்பவர் எங்கள் இளநிலை வேதியியலாளர், சாப்பாட்டு அறைக்குக்கூட வெள்ளைக் கோட்டோடு வருகிறவர். புட்டிகளில் முதலில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு, எது எங்கே எடுத்த தண்ணீர் என்று பிறகு நிதானமாக யோசித்துச் சீட்டு ஒட்டுவார். அவர் புண்ணியத்தில் ஒரு முறை ஏரித் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று அறிக்கையாகப் போக இருந்தது. நான் மறித்தேன். அந்த ஏரியில் வாத்துகள் இருந்தன.

“சார், நான் நல்லா இருக்கேன்” என்று மறுபடி சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்ன விசுவாசம்மா உங்களுக்கு!” என்றார். இதுதான் அந்த வாரம் முழுக்க நடந்தது. மறுக்க மறுக்க என் தைரியத்தைப் புகழ்ந்தார்கள்.

சரி, அறிவியல் வழியில் போவோம் என்று டாக்டரம்மாவிடம் போனேன். எல்லாப் பரிசோதனையும் செய்தார். “உடம்புல ஒரு குறையும் இல்லை” என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்தார்: நலமாக இருக்கிறார், ஓய்வு அவசியம்.

“டாக்டர், அந்த ரெண்டாவது வரியை அடிச்சிடுங்களேன்.”

“அது ஒண்ணுதாம்மா நான் பாக்கிற வைத்தியம். கண்ணாடியில உங்க கண்ணைப் பாத்தீங்களா?”

இயக்குநர் முதல் வரியைத் தாண்டி இரண்டாவது வரியில் நின்று, தாளை மடித்து என்னிடமே கொடுத்து, “கவலைப்படாதீங்கம்மா” என்றார். செவ்வாய்க்கிழமை நான் மின்தூக்கியை ஒதுக்கிவிட்டு, படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறினேன். நாற்பத்தொன்பது வயதில் அப்படி ஏறினால் மேல்மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கத்தான் வேண்டியிருக்கும். சரியாக அந்த நேரத்தில் அவர் அறைக் கதவு திறந்தது.

புதன்கிழமை போதகரிடமிருந்து அழைப்பு. நான் படியேறி ஓடியது அவர் காதுக்கு எட்டி, அற்புத சுகமாக உருமாறியிருந்தது. “சாயங்காலம் ஜெபக்கூட்டத்துல ஒரு சாட்சி சொல்லுங்கம்மா. நீளமா வேணாம். பெலவீனமா இருந்தேன், சுகமானேன், அவ்வளவு போதும்.”

யோசித்துப் பார், அக்கா. இயக்குநர் முன் வரிசையில் இருப்பார். நான் சுகமானேன் என்று சபைக்கு முன்னால் சொல்லிவிட்டால் அவர் மனதிலிருந்த தடை போய்விடும். எத்தனையோ முறை மறுத்தும் நகராத கல், ஒரே ஒரு தலையாட்டலில் நகர்ந்துவிடும். வீட்டில் கேட்டுப் பார்த்தேன்.

“சொல்லிட்டு வந்துடேன்” என்றார் வீட்டுக்காரர். “அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.”

“ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுக்கு என்ன பேரு?”

“பதவி.”

நல்ல மனிதர், ஆனால் சில நேரம் இப்படி உண்மையைப் பேசிவிடுகிறார். கூட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் அந்த இரண்டு வாக்கியங்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். சரளமாகத்தான் வந்தன. எழுந்து நின்று எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். சூப் கொண்டுவந்தவர், ஆரஞ்சு கொண்டுவந்தவர், சக்கர நாற்காலிக்காரர். மூன்று நாளாக எனக்காக உண்மையாகவே ஜெபித்தவர்கள். அவர்களிடம் பொய் சொல்ல வரவில்லை.

“எனக்கு எந்த வியாதியும் வரலை” என்றேன். “ஞாயிற்றுக்கிழமை களைப்பா இருந்துச்சு. ஓய்வு எடுத்தேன். அவ்வளவுதான்.”

பின்னாலிருந்து யாரோ பழக்கதோஷத்தில் ஆமென் என்றார்கள். தந்தி அக்கா பாதி எழுந்துவிட்டார். “களைப்புக்காகவா? வெறும் களைப்புக்காகவா?”

“ஆமாக்கா. அதுக்காகத்தான்.” அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. “எழுந்தது எழுந்துட்டேன், இன்னொண்ணையும் சொல்லிடறேன். எங்க ஆபீஸ்ல தலைமை வேதியியலாளர் இடம் காலியா இருக்கு. அது எனக்கு வேணும். ரொம்ப நாளா வேணும். ஜெபத்துல கேக்கக்கூட வெக்கப்பட்டு, உமது விருப்பம்னு சொல்லி மழுப்பிக்கிட்டிருந்தேன். எனக்காக ஜெபிக்கிறதா இருந்தா, இதுக்காக ஜெபிங்க.”

 போதகர் அவசரமாக ஒரு பாட்டை அறிவித்தார். இசைக்கருவி வாசிப்பவர் பதற்றத்தில் அடக்க ஆராதனைக்குரிய ராகத்தை ஆரம்பித்துவிட்டார். அதையும் எல்லோரும் எழுந்து நின்று பாடினோம்.

வாசலில் இயக்குநர் எனக்காகக் காத்திருந்தார். முகத்தில் கோபமா வருத்தமா என்று தெரியவில்லை.

“ஏம்மா, இத்தனை வருஷமா எனக்கு எதிர்ல உட்கார்ந்து பேசறீங்க. வேணும்னு ஒரு வார்த்தை சொன்னதுண்டா? தம்பி வாரா வாரம் வந்து சொல்றார்.”

“என் வேலையைப் பாத்தா தெரியாதா சார்?”

“வேலையைப் பாத்தா, உங்களுக்கு வேலை பிடிச்சிருக்குன்னுதான் தெரியும்.” குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். “தம்பி பேரை எழுதி அனுப்பியாச்சு. வெள்ளிக்கிழமை கமிட்டி. என்னால எதுவும் உறுதியா சொல்ல முடியாது.”

பெண்கள் பக்கம் இன்னும் மோசம். சிலர் என்னைப் பார்க்காமல் போனார்கள். “பதவி ஆசையை இப்படியா மைக்குல சொல்வாங்க” என்று ஒருவர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். சக்கர நாற்காலிக்காரர் மட்டும் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், “நாற்காலியில உட்கார்ந்தா போதுமா? போனை நிஜமாவே அணைச்சிடணுமா? வீட்டுல திட்ட மாட்டாங்களா?” என்று விசாரித்தார். கடைசியில் தந்தி அக்கா வந்தார்.

“எனக்குக் கோபம்தான். ஒண்ணுமில்லாததுக்கு இத்தனை பேரை ஜெபிக்க வெச்சிட்டீங்க.”

“மன்னிச்சுக்குங்கக்கா.”

அவர் போகவில்லை. கைப்பையைத் திறந்தார், மூடினார். “எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தீங்க?”

“நீங்க வர்ற வரைக்கும்.”

இதுதான் நடந்தது. இன்று வியாழக்கிழமை, நாளை முடிவு. வெள்ளைக் கோட்டுத் தம்பி இன்று காலையிலேயே காலியாக இருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் சீட்டு ஒட்ட மறந்த புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மதியம் உட்கார்ந்ததற்கு நான் கொடுத்த விலை இது: பதவி போகிறது, சபையில் பேர் போய்விட்டது, மகள் இன்னும் தினமும் அழைத்து மூச்சு விடச் சொல்லிக் கேட்கிறாள், வீட்டில் அலமாரி முழுக்க ஆரஞ்சு. ஆகவே, அக்கா, இனிமேல் எனக்கு ஓய்வும் வேண்டாம், ஓய்வைப் பற்றிய பேச்சும் வேண்டாம். பதிவு எதையும் அனுப்பாதே. விடுமுறைக்கு அங்கே வா வா என்று கூப்பிடாதே, வர மாட்டேன். எனக்கு வேலை இருக்கிறது. சாகும்வரை வேலை இருக்கும்படி பார்த்துக்கொள்வேன்.

அத்தானுக்கு என் வணக்கம். அவருடைய முழங்கால் வலிக்கு நான் ஜெபிக்கிறேன், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அது அவருக்கு நான் செய்யும் உதவி. பிள்ளைகளுக்கு என் அன்பு. ஆண்டவர் உன்னைச் சகல சௌக்கியங்களோடும் வைத்திருந்து, உன் தொண்டையை மட்டும் கொஞ்ச காலம் அடைத்து வைப்பாராக.

இப்படிக்கு,
வியாதியில்லாத உன் தங்கை

பி.கு. உறையை ஒட்டிய பிறகு கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன். வெள்ளி மாலை. கிடைத்துவிட்டது, அக்கா. கமிட்டியில் இயக்குநரே எழுந்து, தாம் அனுப்பிய பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு என் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஒருவர், “அந்தம்மாவுக்கு உடம்பு...” என்று இழுத்தாராம். “உடம்புக்கு ஒண்ணுமில்லை. களைப்பா இருந்துச்சு, ஓய்வு எடுத்தாங்க” என்று இவர் சொன்னாராம். என்னைக் கூப்பிட்டு, “திங்கட்கிழமையே பொறுப்பை ஏத்துக்கிறீங்களாம்மா?” என்றார். இப்போதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஒரு வாரம் கழிச்சு சார்” என்று வந்துவிட்டது. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரி என்றார். வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டால் கொடுக்கிறார்கள், இந்த வயதில்தான் எனக்கு இது தெரிகிறது. எனவே மேலே எழுதியதையெல்லாம் நான் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நாளை காலை வண்டியில் கிளம்பி அங்கே வருகிறேன். தபாலில் போட்டால் இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும், அதனால் கையோடு கொண்டுவந்து உன் மேஜைமேல் வைக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது பின்னறையில் தூங்கிக்கொண்டிருப்பது நான்தான். எழுப்பாதே.